கூண்டின் இடது கால்

அத்தியாயம் 7

பெர்சி டக் வலது கையைக் காருக்குள்ளிருந்து வெளியே இழுத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவப்புக் கோடுகள்.

"மேடம், இது செத்துப்போன கார்தானே? அப்புறம் ஏன் கடிக்குது?"

நோரா டன்ஸ்டன் திரும்பிப் பார்க்கவில்லை. நசுங்கிய கூரைக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண்மணி. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளின் பொய்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். பெரியவர்கள் பொய் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, கொட்டாவிதான் வரும்.

"எந்தப் பக்கம் கடிச்சது?"

"கையில."

"கார்ல எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"டிரைவர் பக்கம். வலது."

"சரி, இந்தப் பக்கம் வா. இடது கையை விட்டுப் பார்."

"ஒரு கை போதாதா உங்களுக்கு?" என்று முனகிக்கொண்டே பெர்சி சுற்றி வந்து, பாசஞ்சர் சீட் இருந்த பக்கத்தில் இடது கையை நுழைத்தான். கூரை இந்தப் பக்கம் சீட்டின் முதுகு வரை இறங்கியிருந்தது. உள்ளே இருந்த இரும்புக் குழாயைத் தடவினான். கையை எடுத்தான். ஒரு கீறல்கூட இல்லை.

நோராவின் முகம் மெல்ல மலர்ந்தது. அவளுடைய பழைய மாணவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் கணக்கு நோட்டை ஒளித்திருப்பார்கள்.

அவர்கள் நின்றது ஸ்கார்பி பந்தயத் தடத்தின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில். போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடம். கடலிலிருந்து லிங்கன்ஷயர் வயல்களைத் தாண்டி வந்த காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

காரின் பெயர் ஹெரன். கம்பெனி அதைக் காராக விற்பதில்லை. பெட்டி பெட்டியாக உதிரி பாகங்களை அனுப்பும், வாங்கியவன் தன் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். டெஸ்மண்ட் ப்ளைத் அப்படித்தான் பூட்டினான். சாலையில் ஓட்டிச் சலித்த பிறகு, தடத்தில் ஓட்டும் ஆசை வந்தது. கம்பளத்தைப் பிய்த்தான், ரேடியோவைக் கழற்றினான், உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வைத்தான். கார் உருண்டால் அந்தக் கூண்டுதான் கூரையைத் தாங்கும். உள்ளே இருப்பவன் பிழைப்பான். கூண்டுக்கு வேறு வேலையே கிடையாது.

போன மாதம் கிளப்பில் மனைவிமார் தினம். ஹெரன் உருண்டது. ஓட்டிய லோர்னா ப்ளைத் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்மண்டை வெளியே எடுக்கக் கூரையை அறுக்க வேண்டியிருந்தது. அவசரமில்லாமல்தான் அறுத்தார்கள்.

பார்வையிட வந்த நிபுணர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்: கூரையை ஒட்டிய மூட்டில் வெல்டிங் சரியில்லை. வெல்டர் வில்ஃப் டாசன் மேல் வழக்குப் போடப் போகிறார்கள். கிளப்பின் இன்சூரன்ஸ் கம்பெனி, எதற்கும் இன்னொரு கண் பார்க்கட்டும் என்று நோராவை அனுப்பியிருந்தது.

"பெர்சி, நீ ஒரு காலத்துல மெக்கானிக்தானே. மூட்டு விட்டுப்போயிருக்கா?"

பெர்சி குழாயிலிருந்து தொங்கிய நுரை உறையை விலக்கிப் பார்த்தான். அவன் குரலில் இருந்த விளையாட்டு கொஞ்சம் குறைந்தது. "மூட்டு பாறை மாதிரி நிக்குது மேடம். அதுக்கு நாலு விரல் கீழேதான் குழாய் போயிருக்கு. அந்த நிபுணர் கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாரா?"

"குளிரா இருந்திருக்கும். தூரத்துல இருந்தே பார்த்துட்டுப் போயிருப்பார். விளிம்பை நகத்தால கீறு."

கீறினான். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"பட்டி," என்றான் பெர்சி. "பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னால பள்ளத்துல பூசுறது. இரும்புக் குழாய்க்கு எதுக்குப் பட்டி?"

"எதுக்கு?"

"அறுத்துட்டு, அறுத்தது தெரியாம மூட."

"உக்காரு. பாஸ் பண்ணிட்டே." நோரா டார்ச்சை நுரை உறையின் மேல் அடித்தாள். ஓட்டுபவரின் தலை இடிக்காமல் இருக்கக் குழாயைச் சுற்றி ரப்பர் நுரையைப் போட்டு, கேபிள் டை என்கிற மெல்லிய பிளாஸ்டிக் வார்களால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "இப்ப உன் கையைக் கடிச்சவனைப் பார். டிரைவர் பக்கத்து டை எல்லாம் கத்தியால சாய்வா வெட்டியிருக்கு. முனை ஊசி மாதிரி நிக்குது. இந்தப் பக்கம்?"

பெர்சி குனிந்தான். பாசஞ்சர் பக்கத்து டைகளின் முனைகள் நெருப்பில் உருகிச் சின்னச் சின்ன மிளகுகளாகச் சுருண்டிருந்தன.

"ரெண்டு பேர் கட்டியிருக்காங்க," என்றான்.

"ஒருத்தன் அறுத்து, மூடி, கட்டியிருக்கான். இன்னொருத்தர் அவிழ்த்துப் பார்த்திருக்கார். பார்த்துட்டுத் திரும்பக் கட்டியிருக்கார். கட்டிட்டு வாயையும் கட்டிக்கிட்டார்." நோரா டார்ச்சை அணைத்தாள். "அறுத்தவனை விட எனக்கு இந்த ரெண்டாவது ஆள் மேலதான் ஆசையா இருக்கு. வண்டியை எடு."

---

வில்ஃப் டாசனின் பட்டறை வாசலில் காரை நிறுத்த இடமில்லை. இரும்புக் குழாய்கள் குவிந்து கிடந்தன. அறுக்கப்பட்ட கூண்டுகள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று கலர் கலராக, யானை மிதித்த நாற்காலிகள் மாதிரி.

"என்ன இது, புதுசா பழைய இரும்பு வியாபாரமா?" என்றான் பெர்சி.

"நான் போட்ட கூண்டுங்க," என்றார் வில்ஃப். அறுபது வயது இருக்கும். தோள்கள் அகலம், குரல் மட்டும் காய்ச்சல்காரனுடையது. "கிளப்ல ஒவ்வொருத்தரா அறுத்துக் கொண்டுவந்து போட்டுட்டுப் போறாங்க. யாரும் எதுவும் சொல்றதில்ல. போடுவாங்க, போயிடுவாங்க. நேத்து என் மச்சானும் வந்து போட்டுட்டுப் போனான்."



நோரா ஒரு குழாயின் மேல் உட்கார்ந்தாள். "ஹெரனுக்கு எப்படிப் போட்டீங்க?"

"அது மூடின கார். ஃபைபர் கூரை. கூண்டை உள்ள நிறுத்தினா மேல் மூட்டுக்கும் கூரைக்கும் நடுவுல கை போகாது. பாதிப் பேர் கீழ்ப்பக்கம் மட்டும் பத்தவச்சுட்டு விட்டுடுவாங்க. நான் தரையில ஓட்டை போட்டுக் கூண்டைக் கீழே இறக்கினேன். மேல எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் பத்தவச்சேன். அப்புறம் தூக்கி நிறுத்திக் கால்களைத் தகட்டுல உக்கார வச்சேன்." வெறுங்கையால் கூண்டைத் தூக்குவது போல் காட்டிய வில்ஃப், அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். "அப்படித்தான் செஞ்சதா ஞாபகம். இப்ப ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். இடது பக்கம் மட்டும் மறந்துட்டேனோ?"

"நுரை உறையை யார் கட்டினது?"

"டெஸ்மண்டுதான். அதை நானே கட்டிக்கறேன்னு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாரு."

"உங்ககிட்ட ஏதாவது விசாரிச்சாரா?"

வில்ஃப் யோசித்தார். "இடது முன்கால் எவ்வளவு பாரம் தாங்கும்னு கேட்டாரு. ஸ்கார்பியில பெரிய வளைவெல்லாம் வலது பக்கம்தான். உருண்டா இடது பக்கம்தான் முதல்ல தரையில அடிக்கும். அதனால எல்லாப் பாரமும் அந்தக் கால்லதான் வரும்னு சொன்னேன். சந்தோஷமா தலையாட்டினாரு."

பெர்சி நோராவைப் பார்த்தான். நோரா வில்ஃபையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு யார் ஓட்டறதா இருந்தது?"

"அவருதான். புருஷன் ஓட்டணும், பெண்டாட்டி பக்கத்துல உக்காரணும், ரெண்டு சுத்து. வருஷா வருஷம் அப்படித்தான். கடைசி நிமிஷத்துல அந்தம்மா சாவியைப் பிடுங்கிக்கிட்டாங்க. 'இன்னிக்கு நான் ஓட்டறேன், ஏன், பயமா இருக்கா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. அவரு முகம் வெளுத்துப்போச்சு. நாங்க எல்லாரும் கைதட்டிச் சிரிச்சோம். அவரு என்னைப் பார்த்தாரு. நான்…" வில்ஃப் பாக்கெட்டிலிருந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தார். "நான்தான் முதுகுல தட்டி ஏத்திவிட்டேன் மேடம். 'ஏறுங்க சார், நான் போட்ட கூண்டு, என்ன ஆயிடப்போகுது?'ன்னு சொன்னேன்."

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. யாரோ இரும்பை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது. வில்ஃப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடக்கத்தன்னிக்கு மன்னிப்புக் கேக்கப் போனேன். அந்தம்மா என் கன்னத்துல அறைஞ்சாங்க. ஊரே பார்த்தது. அறையட்டும். நியாயம்தானே."

"கோட்டைப் போட்டுக்கிட்டு எங்களோட வாங்க," என்றாள் நோரா எழுந்து.

"எங்க?"

"லோர்னா வீட்டுக்கு."

"என்னால அவங்க மூஞ்சியைப் பார்க்க முடியாது மேடம்."

"பார்க்க வேணாம். வண்டியிலயே உக்காருங்க. இந்தக் குப்பைக்கு நடுவுல உங்களைத் தனியா விட்டுட்டுப் போக எனக்குப் பிடிக்கலை."

வில்ஃப் கோட்டைத் தேடப் போனார். பெர்சி கிசுகிசுத்தான்: "கேஸ் முடிஞ்சது மேடம். குழாயை அறுத்தவன் டெஸ்மண்டேதான். பெண்டாட்டியை இடது பக்கம் உக்கார வச்சு, வலது வளைவுல உருட்டி, தான் மட்டும் தப்பிக்கறதா திட்டம். அந்தம்மா ஆசைப்பட்டு சாவியைப் பிடுங்கினாங்க, இவன் தோண்டின குழியில இவனே விழுந்தான். நான் ஒரு பேக்கன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கலாமா?"

"அவனுக்கு வேற பொம்பளை உண்டு, நான் ஏற்கெனவே விசாரிச்சாச்சு. வீடும் நிலமும் லோர்னா பேர்ல. அதனால நீ சொல்றது சரி."

"அப்ப சாண்ட்விச்?"

"மிளகு போட்டவர் யாருன்னு சொல்லு. வாங்கித் தர்றேன்."

---

லோர்னா ப்ளைத்தின் வீட்டில் நாய்கள்தான் முதலில் தெரிந்தன. விப்பெட் நாய்கள். வில்லாக வளைந்த முதுகும் குச்சிக் கால்களுமாய் வேலிக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றன. லோர்னா அவற்றை வளர்த்துப் பந்தயத்துக்கு விடுபவள். நாற்பது வயதிருக்கும். கறுப்பு ஸ்வெட்டர், அழுது அழுது வீங்கிய கண்கள். சமையலறையில் உட்கார வைத்து, டீயும் திராட்சை போட்ட ரொட்டியும் கொடுத்தாள். ஜன்னல் திறந்திருந்தது. வண்டியில் வில்ஃப் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது பெர்சிக்குத் தெரிந்தது.

"அந்த ஆளை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் லோர்னா.

"வழியில ஏத்திக்கிட்டோம். மிஸஸ் ப்ளைத், கூண்டு வேலையில நீங்க ஏதாவது கை கொடுத்தீங்களா? உறை கட்டறது, அது இதுன்னு?"

"நானா? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. காரோட கதவைத் தொட்டிருக்கேன், சீட்ல உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்."

நோரா ரொட்டியை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள். "உங்க புருஷன் அந்தக் கூண்டை இரும்பு ரம்பத்தால அறுத்திருக்கார். உங்களைக் கொல்ல."

பெர்சிக்கே தூக்கிவாரிப் போட்டது. இப்படியா சொல்வது? லோர்னாவின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து மேஜையெல்லாம் டீ ஓடியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "டெஸ்மண்டா? என்னையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு மனுஷி ஒரே மாதத்தில் புருஷனை இரண்டு முறை இழப்பதைப் பார்க்கப் பெர்சியால் முடியவில்லை. வெளியே ஒரு நாய் விடாமல் ஊளையிட்டது.

"நான் போய்ப் பார்க்கறேன்," என்று எழுந்தான்.

"டான்சியா இருக்கும்," என்றாள் லோர்னா அழுகைக்கு நடுவே. "மெதுவாத் தொடுங்க. இதுங்க தோல் காகிதம் மாதிரி, எதுல பட்டாலும் கிழிஞ்சுடும்."

ஊளையிட்டது ஒரு சாம்பல் நிறப் பெட்டை. இடது காதில் தையல் போட்டு ஆறிய தழும்பு. தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்ததால் பெர்சி கம்பி வலைக்குள் கையை விட்டுத் திறக்க வேண்டியிருந்தது. காலையில் வாங்கிய கீறல்கள் ஞாபகம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட்டான்.

கை வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

பெர்சி வலையைப் பார்த்தான். கம்பத்தோடு வலையைச் சேர்த்துக் கட்டியிருந்த ஒவ்வொரு கேபிள் டையின் முனையும் உருகி மிளகாகச் சுருண்டிருந்தது. வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மிளகு.

அவன் நாயைப் பார்த்தான். நாய் அவன் கையை நக்கியது.

திரும்பி வந்தபோது பின்வாசலில் வில்ஃப் நின்றிருந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுடறேன் தம்பி. இல்லேன்னா என்னால தூங்க முடியாது."

"இங்கேயே நில்லுங்க," என்றான் பெர்சி. "உள்ள வராதீங்க. காதை மட்டும் திறந்து வச்சுக்குங்க."

உள்ளே லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெர்சி உட்காரவில்லை.

"டான்சிக்குக் காது எப்படிக் கிழிஞ்சது?"

"வேலியில மாட்டிக்கிச்சு."

"உங்க வேலி ஒரு ஈயைக்கூடக் கிழிக்காது மேடம். எல்லா முனையையும் அவ்வளவு அழகா உருக்கி வச்சிருக்கீங்க." பெர்சி வலது கையை மேஜை மேல் நீட்டினான். "ஹெரன் கிழிக்கும். டிரைவர் பக்கம் மட்டும். பாசஞ்சர் பக்கத்து முனையெல்லாம் உங்க வேலி மாதிரியே இருக்கு."

நோரா பெருமையோடு அவனைப் பார்த்தாள். ஆனால் பெர்சிக்கு எந்த சந்தோஷமும் இல்லை. தப்பாகத்தான் இருக்கும், இப்போது அவள் ஏதோ ஒன்று சொல்லப்போகிறாள், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தான்.

லோர்னாவின் அழுகை நின்றது. தண்ணீர்க் குழாயை மூடியது போல நின்றது. ஸ்வெட்டர் பையிலிருந்து லைட்டரை எடுத்து சிகரெட் பற்றவைத்தாள்.

"டான்சி எப்பவும் என் சீட்லதான் உக்காரும்," என்றாள். "அன்னிக்கு ஷெட்ல ஏறி உக்காந்து, தலையை ஆட்டினதுல காது கிழிஞ்சு ஒரே ரத்தம். டெஸ்மண்டைத் திட்டிட்டு, நானே எல்லா டையையும் வெட்டி எறிஞ்சுட்டு வேற போட்டேன். நுரையை நகர்த்தும்போது கறுப்புப் பெயின்ட்ல ஒரு கோடு. தலைமுடி மாதிரி. கீறினா வெள்ளையா உதிர்ந்தது."

"போலீசுக்குப் போயிருக்கலாமே," என்றாள் நோரா.

"போயிருக்கலாம். வெல்டர் தப்புன்னு சொல்லிட்டுச் சிரிச்சிருப்பான்." புகையை ஊதினாள். "அவன் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். எல்லாரும் கைதட்டறாங்க. மாட்டேன்னு சொல்லணும்னா ஏன்னு சொல்லணும். ஏறினான். முதல் சுத்துல பேசவே இல்ல. பெல்ட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ரெண்டாவது சுத்துல அழ ஆரம்பிச்சான். 'நிறுத்து லோர்னா, கூண்டை நான் அறுத்திருக்கேன், என்னை மன்னிச்சிடு'ன்னு கத்தினான். கல்யாணம் ஆனதுல இருந்து அவன் என்கிட்ட சொன்ன முதல் உண்மை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வலது வளைவு வந்தது."

லோர்னா தோளைக் குலுக்கினாள். "என்னைக் கொல்லப் பார்த்தவன். எந்த கோர்ட்ல வேணா சொல்லுங்க. எனக்காக அழுவாங்க."

"ஒருவேளை அழலாம்," என்றாள் நோரா. "வில்ஃபுக்காக யார் அழுவாங்க? அவர் மேல தப்பில்லைன்னு உங்களுக்குத் தெரியும். கல்லறையில நின்னு அவரை அறைஞ்சீங்களே?"

"புருஷன் செத்த பொம்பளை யாரையாவது அறையணும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாங்க. அந்த ஆள்தான் கைக்கெட்டற தூரத்துல வந்து நின்னான்."

பின்கதவு திறந்தது.

வில்ஃப் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. பெர்சி, அவர் பாய்ந்துவிடுவாரோ என்று நடுவில் போய் நின்றான். வில்ஃப் அவனை மெதுவாக ஒதுக்கிவிட்டு மேஜையருகே வந்தார். லோர்னா முதல் தடவையாகச் சிகரெட்டைக் கீழே வைத்தாள்.

"உங்க பக்கம்," என்றார் வில்ஃப். "வலது பக்கம். உருளும்போது என் வெல்டிங் தாங்குச்சா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்கம்மா. யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. தாங்குச்சா?"

"தாங்குச்சு," என்றாள் லோர்னா. "ஒரு நகக்கீறல்கூட இல்ல."

வில்ஃப் தலையாட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப உங்களைக் காப்பாத்தினது நான்தான்," என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு, வந்த வழியே வெளியே போனார்.

வேலி வரை நடந்திருப்பார். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரு பெரிய மனிதரின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று பெர்சிக்கு அதுவரை தெரியாது. நாய்களெல்லாம் மிரண்டு ஒன்றாகக் குரைக்க ஆரம்பித்தன.

"நாய்களைப் பயமுறுத்த வேணாம்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க," என்றாள் லோர்னா.

நோரா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பிறகு போலீசுக்குப் போன் செய்தாள்.